அமுக்கச் சீராக்கியும் சிறு விமான எஞ்சினும்

மைசூரு நகரின் மண்டி மொஹல்லாவிலோ அதனை அடுத்த தெருக்களிலோ இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் கடையொன்றின் முன் சிறிது நேரம் நிற்பவர், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் இரு வேறு முறைகளை அருகருகே காணக்கூடும். ஒன்று, பழைய ஜாவா மோட்டார் சைக்கிள். அது இவ்வூரின் யாதவகிரிப் பகுதியில் 1961-ல் தொடங்கப்பெற்று 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவானது. அதனை இன்றும் பேணிக் காப்போர் மைசூரில் உளர். அதன் பெட்ரோல் தொட்டி கார்புரேட்டருக்கு மேலே அமைந்திருக்கிறது. பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. கார்புரேட்டரிலுள்ள மிதவை உயர்ந்ததும் ஊசி வால்வு வழியை அடைத்துக்கொள்கிறது. அங்கே பம்ப் இல்லை. அமுக்கத்தைச் சீர்செய்யும் கருவியும் இல்லை. அவற்றிற்குத் தேவையும் இல்லை.

மற்றொன்று, 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் ஆறு எனப்படும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர் விற்கப்பட்ட வண்டி. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் மின் பம்ப் பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அமுக்கத்தில் தள்ளுகிறது. இன்ஜெக்டரின் வாய் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறக்க வேண்டுமென்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. பம்ப்போடு ஒட்டினாற்போல், கட்டை விரலளவே உள்ள ஒரு சிறு கருவி இருக்கிறது. கடைக்காரர் அதனைப் ‘பிரஷர் ரெகுலேட்டர்’ என்பார். அமுக்கச் சீராக்கி என்பது அதுவே.

சாலையில் செல்லும் வண்டியில் இக்கருவி பழுதுபட்டால், ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் சேருவார். நகருக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மண்டகள்ளி விமான நிலையத்தின் ஓடுபாதையை விட்டு நூறு மீட்டர் உயரமே எழுந்துள்ள சிறு விமானம் ஒன்றில் இதே கருவி பழுதுபட்டால் ஓரம் சேர இடமில்லை. யோசிக்க நேரமும் இல்லை. தாமே தம் கையால் விமானம் கட்டி, அதில் இன்ஜெக்டர் எஞ்சினைப் பொருத்த எண்ணுவோர் இச்சிறு கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகக் கருத்துச் செலுத்துவது இதனாலேயே.

கையால் விமானம் கட்டுவது நம் நாட்டவர்க்கு முற்றிலும் புதிதன்று. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் ஒருவர், ஸ்லிங் டிஎஸ்ஐ என்னும் நான்கு இருக்கை விமானத்தைப் பகுதிகளாக வாங்கித் தாமே பொருத்தி 2022-ல் குடும்பத்துடன் அதில் பறந்த செய்தியைப் பலரும் படித்திருக்கலாம். அவ்வகை விமானத்திற்கு உரியது ராட்டாக்ஸ் 915 ஐஎஸ் என்னும் இன்ஜெக்டர் எஞ்சின். பெங்களூரில் உள்ள தேசிய விமான ஆய்வுக்கூடமும் இத்துறைக்கு அயலானது அன்று. கலவைப் பொருள்களால் விமானம் கட்டும் கலையில் அனுபவம் பெறும்பொருட்டு, 1980-களில் அது மேற்கொண்ட ஆராய்ச்சி விமானம், கையால் கட்டுவோர்க்கென அமெரிக்கப் பொறியாளர் பர்ட் ருட்டன் வரைந்த லாங்-ஈஸி அமைப்பைத் தழுவியது. பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஹன்ஸா விமானத்தின் கதை இப்பொருளுக்கு மிகவும் பயன்படும். அது பின்னே வரும்.

அடுக்களையில் ஒரு பாடம்

அமுக்கச் சீராக்கிகள் இரு வகைப்படும். இரண்டுமே நம் அடுக்களையில் இருக்கின்றன.

சமையல் எரிவாயு உருளையின் தலையில் பூட்டப்படும் ரெகுலேட்டர் முதல் வகை. அது வாசற்காவலனைப் போன்றது. அடுப்பின் பக்கம் அமுக்கம் போதிய அளவு இருந்தால் உருளையிலிருந்து வரும் வழியைக் குறுக்குகிறது, குறைந்தால் திறக்கிறது. மிகுதி என்று ஒன்று அங்கே பிறப்பதில்லை.

பிரஷர் குக்கரின் தலையில் வைக்கப்படும் குண்டு இரண்டாம் வகை. அடுப்பு எரியும் வரை ஆவி பிறந்துகொண்டே இருக்கிறது. அதனைத் தடுக்கக் குண்டு முயல்வதில்லை. அமுக்கம் தன் எடையை மீறியவுடன் அது எழுந்து, மிகுதி ஆவியை வெளியே விட்டுவிடுகிறது. உள்ளே எஞ்சுவது எப்போதும் ஒரே அளவுள்ள அமுக்கம்.

விமான எஞ்சின்களின் இன்ஜெக்டர் அமைப்பில் பெரிதும் கையாளப்படுவது குக்கர் வகையே. பம்ப் தன்னால் இயன்ற அளவு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர்கள் வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும். எஞ்சியது சீராக்கியின் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு திரும்புகுழாய் வழியே தொட்டிக்குப் போய்ச் சேரும். குண்டின் இடத்தில் இங்கே ஒரு ஸ்பிரிங்கும், பெட்ரோலையும் காற்றையும் பிரிக்கும் ஒரு சவ்வும் உள்ளன.

குக்கரில் மற்றொரு நுட்பமும் உண்டு. குண்டு காப்பது உள்ளமுக்கத்தை அன்று. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேற்றுமையை. மைசூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் வாயு மண்டலத்தின் அமுக்கம் சுமார் 1.01 பார் என்றால், மைசூரில் அது சுமார் 0.92 பார். ஒரே குக்கர், ஒரே குண்டு; ஆயினும் மைசூரில் அதனுள் இருக்கும் முழு அமுக்கம் சென்னையில் இருப்பதைவிட அந்த 0.09 பார் அளவு குறைவாகவே இருக்கும். சீராக்கி எதனை நோக்கி அளக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்காமல், ‘3 பார் சீராக்கி ஒன்று கொடுங்கள்’ என்று கடையில் கேட்பது அரைகுறைக் கேள்வியே ஆகும்.

எதனை நோக்கிய அமுக்கம்?

இன்ஜெக்டரின் ஒரு புறம் பெட்ரோல். மறு புறம் எஞ்சினின் காற்றுப் புகுகுழாய். வாய் திறந்திருக்கும்போது எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை நிர்ணயிப்பது இவ்விரு புறத்து அமுக்கங்களின் வேற்றுமை. அதுவும் நேர் விகிதத்தில் அன்று. வேற்றுமையின் வர்க்க மூலத்திற்கு ஏற்பவே பாய்ச்சல் கூடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டுவது எளிது. உயரமான தகர டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் சிறு துளையிட்டு, நீர்மட்டத்தைத் துளைக்கு மேல் 10 சென்டிமீட்டரில் நிலையாக வைத்து, அரை நிமிடத்தில் வெளிவரும் நீரை அளந்துகொள்க. மட்டத்தை 40 சென்டிமீட்டருக்கு உயர்த்தி மீண்டும் அளக்க, நீர் நான்கு மடங்கன்றி இரு மடங்கே வரும். மட்டம் தாழாதபடி மேலிருந்து நீரை ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு மாணவரை அமர்த்துதல் வேண்டும்.

இனி எஞ்சினுக்கு வருவோர் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் ஓர் எஞ்சின். சீராக்கி வெளிக்காற்றைக் காட்டிலும் 3 பார் அதிகமாகப் பெட்ரோலை நிறுத்துகிறது. திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது புகுகுழாயின் அமுக்கம் ஏறத்தாழ வெளிக்காற்றின் அமுக்கமே. ஆகவே வேற்றுமை 3 பார். திராட்டிலை மூடி, எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்போது புகுகுழாயில் அமுக்கம் 0.35 பார் அளவிற்கு இறங்குகிறது என்று கொள்க. பெட்ரோலின் அமுக்கம் மாறவில்லை. மறு புறம் உறிஞ்சுகிறது. எனவே வேற்றுமை 3.65 பார் ஆகிவிடுகிறது. இன்ஜெக்டர் அதே நேரமே திறந்திருந்தும் பத்துச் சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் பாயும். எஞ்சின் கறுத்த புகையுடன் தடுமாறக்கூடும். ஆயினும் நின்றுவிடும் அபாயம் சிறிது.

டர்போ பொருத்திய எஞ்சினில் நிலைமை தலைகீழ். புகுகுழாயில் காற்று 1.5 பார் வரை திணிக்கப்படுகிறது என்றால், வேற்றுமை 2.5 பாராகக் குறைந்து, பெட்ரோல் ஒன்பது சதவீதம் குறைவாகவே பாய்கிறது. இக்குறை நேர்வது முழு வலுவும் வேண்டப்படும் தருணத்தில், அஃதாவது விமானம் தரையை விட்டு எழும் தருணத்தில். பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்துடன் எரியும். சிலிண்டரில் வெடிப்பொலி எழும். பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

இவ்விரு கேடுகளையும் ஒரு சிறு ரப்பர் குழாய் நீக்குகிறது. சீராக்கியின் ஸ்பிரிங் அறையை வெளிக்காற்றுக்குத் திறந்து விடாமல், புகுகுழாயோடு ஒரு குழாயால் இணைத்துவிட்டால், சீராக்கி வெளிக்காற்றை மறந்து புகுகுழாயை நோக்கி அளக்கத் தொடங்கும். அங்கே அமுக்கம் ஏறினால் பெட்ரோலின் அமுக்கமும் உடன் ஏறும், இறங்கினால் இறங்கும், இடையே உள்ள 3 பார் வேற்றுமை மாறாது. டர்போ எஞ்சினுக்கு இவ்வகையே வேண்டும். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. டர்போ இல்லாத எஞ்சினுக்கோ, கணிப்பொறியின் அட்டவணை எந்த வகைச் சீராக்கியை எண்ணி எழுதப்பட்டதோ அந்த வகையே வேண்டும். வெளிக்காற்றை நோக்கிய சீராக்கிக்கென எழுதிய அட்டவணையோடு, ‘இது மேலானது’ என்று குழாய் இணைத்த சீராக்கியைப் பொருத்துவோர் தமக்குத் தாமே தொல்லை தேடிக்கொள்பவராவர்.

ஒரு விமானம், மூன்று எஞ்சின்கள்

ஹன்ஸா இரண்டு இருக்கைகள் கொண்ட பயிற்சி விமானம். தேசிய விமான ஆய்வுக்கூடம் இதனை உருவாக்கியது. முதல் மாதிரி 1993-ல் பறந்தது. பின்னர் ஹன்ஸா-3 தமிழ்நாட்டில், ஓசூரை அடுத்த தனேஜா ஏரோஸ்பேஸ் தொழிற்சாலையில் கட்டப்பட்டுப் பறக்கும் பயிற்சிக் கழகங்களுக்கு வழங்கப்பட்டது. இவ்விமானத்தின் வளர்ச்சியில் மூன்று வகை எஞ்சின்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் பெட்ரோல் அமுக்கத்தை ஒவ்வொரு விதமாக ஆளுகிறது.

தொடக்ககால மாதிரி ஒன்றில் இருந்தது கான்டினென்டல் நிறுவனத்தின் ஐஓ-240 வகை. அதிலும் பெட்ரோல் பீச்சப்படுகிறது. ஆனால் கணிப்பொறி இல்லை. எஞ்சின் சுழலும் வேகத்திற்கேற்ப அதன் பம்ப் தள்ளும் அளவு கூடுகிறது. திராட்டிலோடு இணைந்த வால்வு அதனை மேலும் அளந்து விடுகிறது. இத்தகைய எஞ்சினில் அமுக்கம் மாறுவதுதான் அளவையே. ஆகவே, அமுக்கத்தை ஓரிடத்தில் நிறுத்தும் சீராக்கியை அதில் கொண்டுபோய்ப் பொருத்தினால் எஞ்சினின் அறிவையே பிடுங்கியதாகும். ‘இன்ஜெக்டர் எஞ்சின்’ என்ற பெயரை மட்டும் கண்டு சாமான் வாங்குவோர் இதனை மனத்திற்கொள்வது நலம்.

ஹன்ஸா-3 ஏற்றுக்கொண்டது ராட்டாக்ஸ் 914. இது டர்போ உடையது. ஆயினும் கார்புரேட்டர் எஞ்சினே. இதன் சீராக்கி, காற்றுப் பெட்டியின் அமுக்கத்தைக் காட்டிலும் கால் பார் மட்டும் அதிகமாகப் பெட்ரோலை நிறுத்துகிறது. வெளிக்காற்றை நோக்கிக் கால் பார் என்று நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? விமானம் எழும்பும்போது டர்போ காற்றுப் பெட்டியில் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பார் அதிக அமுக்கத்தை உண்டாக்குகிறது. பெட்ரோலின் கால் பார் அதனிடம் தோற்றுப்போகும். கார்புரேட்டருக்குள் ஒரு துளியும் நுழையாது. தரையில் மெதுவாக ஓடும்போது எல்லாம் செம்மையாகவே தோன்றியிருக்கும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது.

2021 செப்டம்பர் 3-ஆம் நாள் முதன்முதல் பறந்த ஹன்ஸா-என்ஜி, ராட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி என்னும் மின்கணிப்பு இன்ஜெக்டர் எஞ்சினைப் பெற்றது. இவ்வெஞ்சின் வகை 2012-ல் வெளிவந்தது. 100 குதிரைத் திறன் உடையது. பெட்ரோல் அமுக்கம் சுமார் 3 பார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் விமானத்தைப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டு சென்று கடல் மட்டச் சோதனைகள் நடத்தினர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் நன்றாக ஓடும் எஞ்சின், செறிந்த காற்றுள்ள கடற்கரையிலும் அவ்வாறே நடந்துகொள்கிறதா என்பதை அங்கே போய்த்தான் அறிய முடியும். மைசூரில் விமானம் கட்டுபவர்க்கும் இது பொருந்தும்; சொந்த ஊரின் மெல்லிய காற்றில் மட்டுமே சோதித்த எஞ்சின் பாதி சோதித்த எஞ்சினே.

2022 மே 17-ஆம் நாள் கர்நாடகத்தின் சள்ளகெரேயிலுள்ள சோதனைத் தளத்தில் ஹன்ஸா-என்ஜியின் எஞ்சினை வானில், 7,000 முதல் 8,000 அடி உயரத்தில், வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் இயக்கிக் காட்டினர். மின் பம்ப்புகளின் சிறப்பு இங்கே விளங்கும். எஞ்சின் நின்றிருந்தாலும் மின்சாரம் உள்ளவரை அவை பெட்ரோலைத் தள்ளும். எஞ்சின் மீண்டும் பற்றிக்கொள்வதற்கு முன்னரே இன்ஜெக்டரின் வாயில் உரிய அமுக்கம் காத்திருக்கும்.

திரும்பிச் செல்லும் பெட்ரோல்

தேர்வில் பெரும்பாலோர் கோட்டை விடுவது அமுக்க எண்ணில் அன்று, பாய்ச்சல் அளவில்தான். பம்ப் மணிக்கு 120 லிட்டர் தள்ளுகிறது என்று கொள்க. நூறு குதிரைத் திறன் எஞ்சின் முழு வலுவில் ஓடும்போது மணிக்கு 27 லிட்டர் அளவில் செலவழிக்கும். மெதுவாக ஓடும்போது இரண்டு மூன்று லிட்டர்தான். ஆகவே 93 முதல் 118 லிட்டர் வரை சீராக்கியின் வழியே திரும்பியாக வேண்டும். இன்னும் ஒன்று: விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் காப்புக்காக இரண்டு பம்ப்புகளையும் ஓட்டுவது பல விமானங்களில் வழக்கம். அப்போது திரும்பும் பெட்ரோல் மணிக்கு 210 லிட்டரைத் தாண்டும்.

சிறிய மோட்டார் காருக்கென அமைந்த சீராக்கி, ஒரு பம்ப்பின் பாய்ச்சலைத் தாங்கலாம். இரண்டின் பாய்ச்சலுக்கு அதன் துளை போதாது. திரும்புகுழாய் குறுகியதாயிருப்பினும் அதே விளைவு. குழாயில் தோன்றும் எதிரமுக்கம், வேகமான பாய்ச்சலில், ஏறத்தாழ அளவின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். ஒரு பம்ப் ஓடும்போது 0.1 பாராக இருந்த எதிரமுக்கம் இரண்டும் ஓடும்போது 0.4 பார் ஆகும். சீராக்கியின் மேல் என்ன எண் பொறித்திருந்தாலும் இன்ஜெக்டர் காணும் வேற்றுமை 3.4 பார், பெட்ரோல் ஆறு சதவீதத்திற்கு மேல் அதிகம். கலவை தடித்து எஞ்சின் வலு குறையும். அதுவும் இரண்டாம் பம்ப்பைப் போட்ட உடனே குறையும். விமானி அப்போது எதனைச் சந்தேகிப்பார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

திரும்பும் பெட்ரோல் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பதும் சீராக்கித் தேர்வோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. இறக்கைக்கு ஒன்றாக இரு தொட்டிகள் உள்ள விமானத்தில், பம்ப் இடத் தொட்டியிலிருந்து எடுக்க, திரும்புகுழாய் வலத் தொட்டியில் முடிவதாகக் கொள்க. இடத் தொட்டியில் 50 லிட்டர் உள்ளது; எஞ்சின் மணிக்கு 18 லிட்டர் செலவிடுகிறது. இரண்டே முக்கால் மணி நேரத்திற்குப் போதும் என்று விமானி கணக்கிட்டிருப்பார். ஆனால் பம்ப் எடுப்பதோ மணிக்கு 120 லிட்டர். இருபத்தைந்தே நிமிடத்தில் இடத் தொட்டி வறண்டுவிடும். வலத் தொட்டி முன்பே நிறைந்திருந்தால், திரும்பிய பெட்ரோல் அதன் காற்றுத் துளை வழியே வானில் கொட்டிப் போயிருக்கும். எடுக்கும் வழியையும் திரும்பும் வழியையும் ஒரே கைப்பிடியால் சேர்த்துத் திருப்பும் இரட்டை வால்வு இக்கேட்டிற்கு மருந்து. அதன் விலை கூடுதல்தான். எனினும் இங்கே சிக்கனம் காட்டுவது அறிவுடைமை ஆகாது.

திரும்புகுழாயை வீண் என்று கருதுவோரும் உண்டு. இரு சக்கர வண்டியில் தொட்டிக்குள்ளேயே சீராக்கியை வைத்து ஒற்றைக் குழாயோடு முடித்துவிடவில்லையா என்று அவர்கள் கேட்பர். வண்டியின் எஞ்சினுக்கு வீசும் காற்று நேரே படுகிறது. விமானத்தின் எஞ்சினோ மூடிய பெட்டிக்குள் உள்ளது. வெயிலில் நிறுத்தி வைத்த விமானத்தில், எஞ்சினை அணைத்த சிறிது நேரத்திற்குப் பின் குழாயிலுள்ள பெட்ரோல் மிகவும் சூடேறி ஆவிக் குமிழ்கள் பிறக்கும். இடைவிடாது சுற்றி வரும் பெட்ரோல் அக்குமிழ்களை அடித்துக்கொண்டு போய்த் தொட்டியில் சேர்க்கிறது. தொட்டியின் குளிர்ந்த பெட்ரோலை இன்ஜெக்டர் வரை கொண்டுவருகிறது. எனவே சீராக்கியை இன்ஜெக்டர்களைத் தாண்டி, குழாயின் கோடியில் அமைப்பதே சிறந்தது.

இரண்டல்லாத ஒன்று

மின்கணிப்பு எஞ்சின் அமைப்பில் எதுவும் இரட்டையாகவே இருக்கும். பம்ப் இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிச் செருகி இரண்டு, கணிப்பொறியின் வழிகளும் இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றொன்று காக்கும் என்பதே கருத்து. சீராக்கியோ பொதுவாக ஒன்றே. அதன் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் பெட்ரோல் முழுதும் தொட்டிக்கே திரும்பிவிடும். இன்ஜெக்டரில் அமுக்கம் வீழும். விமானி இரண்டாம் பம்ப்பைப் போடுவார். அதுவும் அதே ஓட்டை வழியே ஓடும். இரண்டு பம்ப்புகளுக்கும் இரண்டு கணிப்பொறிகளுக்கும் செலவிட்ட பணத்தின் பயன் ஒரு மணற்பொடியளவு தூசியில் சிக்கி நிற்கும்.

சிலர் இரண்டு சீராக்கிகளை இணையாகப் பொருத்தி விடலாமே என்பர். ஒன்று மூடியபடி சிக்கினால் மற்றொன்று திறந்து காக்கும் என்பது மெய்யே. ஆனால் ஒன்று திறந்தபடி சிக்கினால் மற்றொன்றால் ஆவது ஒன்றுமில்லை. கொடிய பழுது பின்னதே. முன்னதில் அமுக்கம் ஏறிக் கலவை தடிக்குமேயன்றி எஞ்சின் உடனே பட்டினி கிடக்காது. ஆகவே இரட்டிப்பதால் கிடைக்கும் காப்பு சிறிது. கூடும் இணைப்புகளும் கசிவுகளும் அதிகம்.

எனவே தேர்வு எளிமையின் பக்கம் சாய வேண்டும். திருகாணியால் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சீராக்கிகள் பந்தயக் கார்களுக்கெனப் பளபளப்பாக விற்கப்படுகின்றன. சோதனை மேடையில் அவை மிக வசதியானவை. விமானத்தில், எஞ்சினின் அதிர்வில் திருகாணி தளர இடமுண்டு. பூட்டு மரை இட்டிருந்தாலும், ‘சற்றுத் திருகிப் பார்ப்போமே’ என்னும் கைகளுக்குப் பூட்டில்லை. எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த நிலையான அமுக்கச் சீராக்கியோ, லட்சக்கணக்கான கார்களில் ஆண்டுக்கணக்கில் ஓடித் தேறிய வகையோ கிடைக்குமானால் அதுவே மேல். மாற்றுச் சாமான் எளிதில் கிட்டும் என்பதும் அதற்கு ஒரு தகுதி.

சீராக்கிக்கு முன்னே, பம்ப்பை அடுத்து, நுண்ணிய வடிகட்டி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. கையால் கட்டிய தொட்டிகளில் துளையிட்ட உலோகத் துருவல்களும், ஒட்டுப் பசையின் துணுக்குகளும் முதல் சில மணி நேரப் பறப்பிலேயே வெளிப்படும். அக்காலத்தில் வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்ப்பதற்கு ஈடான காப்பு வேறில்லை.

சவ்வின் பொருளையும் கேட்டறிதல் வேண்டும். 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் பெங்களூரில் தொடங்கி, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவலாயிற்று. எத்தனால் சில வகை ரப்பரை ஊதச் செய்யும், சிலவற்றை விறைக்கச் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சும். ராட்டாக்ஸ் 912 வகை எஞ்சின்களுக்குப் பத்துச் சதவீத எத்தனால் வரையே தயாரிப்பாளரின் இசைவு உண்டு. ஆதலின் தெருமுனைப் பங்கின் பெட்ரோல் அவற்றிற்கு ஏற்றதன்று. விமானப் பெட்ரோலாகிய ஏவிகேஸ் 100 எல்எல் 2022 முதல் இந்தியன் ஆயில் நிறுவனத்தால் உள்நாட்டிலேயே தயாரிக்கப்படுகிறது. எந்தப் பெட்ரோல் ஊற்றுவதாக எண்ணமாயினும், சீராக்கியின் சவ்வும் வளையங்களும் ஃப்ளூரோகார்பன் ரப்பரால் ஆனவையாக இருப்பது அச்சத்தைக் குறைக்கும்.

புகுகுழாயோடு இணைந்த சீராக்கியின் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் அக்குழாய் வழியே நேரே எஞ்சினுக்குள் போகும், கலவை தடிக்கும். வெளிக்காற்றுக்குத் திறந்த சீராக்கியின் சவ்வு கிழிந்தால், 3 பார் அமுக்கத்தில் பெட்ரோல் சூடான எஞ்சின் பெட்டிக்குள் பீச்சும். அதன் மூச்சுத் துளையை ஒரு குழாயால் விமானத்தின் அடிப்பக்கம் வரை கொண்டுவந்து விடுதல் வேண்டும். இஃது அற்ப வேலை. ஆனால் தீயைத் தவிர்ப்பது.

பொருத்திய பின் பார்க்க வேண்டுவன

எஞ்சினை இயக்காமல், திறந்த வெளியில், விமானத்தை மண்ணோடு கம்பியால் இணைத்து, தீயணைப்பான் அருகிருக்க, திரும்புகுழாயை அளவுக் கலயத்தில் விட்டு ஒரு பம்ப்பை ஓட்டுக. மேற்சொன்ன பம்ப்பாயின் நிமிடத்திற்கு 2 லிட்டர் வர வேண்டும். இரண்டும் ஓடினால் 4 லிட்டர். பின்னர் திரும்புகுழாயைத் தொட்டியோடு மீண்டும் இணைத்து, ஒரு பம்ப் ஓடும்போதும் இரண்டும் ஓடும்போதும் அமுக்கமானியைப் படித்துக்கொள்க. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். கலயத்தில் அளக்கும்போது ஒன்றாக இருந்து, குழாயை இணைத்தபின் வேறுபட்டால் குற்றம் குழாயில். கலயத்திலேயே வேறுபட்டால் குற்றம் பெரும்பாலும் சீராக்கியின் துளையில். இச்சோதனையை விமானத்தின் மூக்கை ஏறுகோணத்திற்கு உயர்த்தி வைத்தும், தொட்டியில் குறைந்த பெட்ரோல் உள்ளபோதும் செய்தல் நன்று. பம்ப்பால் ஊட்டப்படும் விமானங்களில், எஞ்சினின் உச்சத் தேவையைப் போல் 125 சதவீதம் பெட்ரோல் கிடைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த அளவு. 27 லிட்டர் எஞ்சினுக்கு அது மணிக்கு 34 லிட்டர்.

எஞ்சினை இயக்கியபின் அமுக்கமானியைப் படிப்பதில் ஒரு தெளிவு தேவை. மானி வெளிக்காற்றை நோக்கி அளப்பது. சீராக்கி புகுகுழாயை நோக்கி அளப்பது. மைசூரில், வெளிக்காற்று 0.92 பார், மெதுவாக ஓடும் எஞ்சினின் புகுகுழாய் 0.35 பார் என்றால், மானி 2.43 பார்தான் காட்டும். இதனைப் பழுதென்று கருதிச் சீராக்கியை மாற்றியவர் பலர். திராட்டிலைத் திறந்தால் முள் 3 பாரை நோக்கி ஏறும். ஏறாவிடில்தான் ஐயுற வேண்டும்.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் சீராக்கியின் ரப்பர் குழாயைக் கழற்றிப் புகுகுழாய்ப் பக்கத்தை விரலால் அடைத்தால், முள் உடனே அரை பாருக்குச் சற்று மேல் துள்ள வேண்டும். துள்ளாவிடில் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது சீராக்கி சிக்கியிருக்கிறது. கழற்றிய முனையில் பெட்ரோல் வாடையோ ஈரமோ தென்பட்டால் சவ்வு கிழிந்துவிட்டது. அச்சீராக்கியோடு அவ்விமானம் பறத்தல் ஆகாது. சுழலும் புரொப்பெல்லரின் அருகே செய்யும் வேலையாதலால், விமானியறையில் ஒருவர் அமர்ந்திருக்க, சக்கரங்களுக்கு அணைகட்டை இட்டு, பின்புறமிருந்து அணுகியே இதனைச் செய்தல் வேண்டும். இயலுமாயின் குழாயின் நடுவே ஒரு சிறு மூன்று வழி வால்வை இச்சோதனைக்கென மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, எட்ட நின்று திருப்பலாம். முதற் பறப்பிற்கு முன் அதனைக் கழற்றிவிட்டு, குழாயை மீண்டும் இணைத்து, இரு முனைகளிலும் கவ்விகளை இறுக்கி, அன்றைய எண்களைத் தேதியுடன் எஞ்சின் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.